பைசா செலவு இல்லாமல் பொழுதைப் போக்கலாம்!
கடற்கரை முதல் கச்சேரி வரை: சென்னையில் காசு கேட்காத இடங்கள்

(நமது நிருபர்)

சென்னை:-

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. சம்பளம் வர இன்னும் மூன்று நாள் இருக்கும். "எங்கேயாவது கூட்டிக்கிட்டுப் போங்கப்பா" என்று பிள்ளைகள் நச்சரிக்கும்.

குடும்பத் தலைவர் மனசுக்குள் கணக்குப் போடுவார். நாலு பேருக்கு சினிமா டிக்கெட். இடைவேளையில் பாப்கார்ன். போக வர ஆட்டோ. கணக்கு முடிவதற்குள் தலை சுற்றிவிடும். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு டி.வி.யைப் போடுவார்.

அந்த அடுத்த வாரம் வரவே வராது!

இந்த ஊரில் உட்காருவதற்கே காசு வேண்டியிருக்கிறது. ஓட்டலில் காபி வாங்கினால்தான் நாற்காலி. டம்ளர் காலியானதும் சர்வர் பில்லை வைத்துவிடுவார். "எழுந்திரு" என்று வாயால் சொல்லமாட்டார், அவ்வளவுதான்.

கடைகளில் வேலை பார்ப்பவர்கள் பாடு இன்னும் மோசம். நாள் முழுக்க நின்றபடியே வியாபாரம். அவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-ம் ஆண்டில் தமிழக அரசு சட்டத்தையே திருத்தவேண்டி வந்தது. அப்படி நின்று களைத்த மனுஷனுக்கு லீவு நாளில் தேவை என்ன? உட்கார ஒரு இடம். கொஞ்சம் காற்று. பேச நாலு பேர். இந்த மூன்றும் சென்னையில் இனாமாகவே கிடைக்கிறது. எங்கே என்று பார்ப்போம்.

காற்றுக்கு டிக்கெட் இல்லை

முதல் இடம் மெரினாதான். 1881 முதல் 1886 வரை கவர்னராக இருந்த கிராண்ட் டப் துரை காலத்தில் போட்ட உலாவும் சாலை இது. துரை போய்விட்டார். சாலை நம்முடையது.

சும்மா நடந்தாலே பாதி சரித்திரம் தெரிந்துவிடும். உழைப்பாளர் சிலையை நின்று பாருங்கள். தேவி பிரசாத் ராய் சவுத்ரி செய்தது. 1959-ல் வைத்தார்கள். பாறையைப் புரட்டும் அந்த நாலு பேரின் முதுகைப் பார்த்தால், மூட்டை தூக்கியவனுக்கு சொல்லாமலே புரியும். கொஞ்ச தூரத்தில் கண்ணகி. 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வந்தாள். 2001-ல் அகற்றப்பட்டாள். 2006-ல் திரும்ப வந்தாள். பிள்ளைகளுக்குக் கதை சொல்ல இது ஒன்றே போதும்.

சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் அலையைப் பக்கத்தில் பார்க்க 2022 நவம்பரில் மரப்பாதை போட்டார்கள். போட்ட சில நாளிலேயே மாண்டஸ் புயல் அதைப் பதம் பார்த்தது. பிறகு சரி செய்தார்கள்.

பெண்களுக்கு பஸ்சும் இலவசம்

"கடற்கரை இலவசம்தான், போகிற செலவு?" என்று கேட்பீர்கள். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. சென்னையில் முன்பக்கம் ரோஸ் வர்ணம் அடித்த பஸ் வந்தால் தைரியமாக ஏறலாம். அம்மாவும் பெண்ணும் ராயபுரத்தில் ஏறி கடற்கரைக்குப் போய்த் திரும்பினாலும் பர்சைத் திறக்கவேண்டாம்.

முன்பெல்லாம் "பஸ்சுக்குக் காசு ஏது?" என்ற ஒரே கேள்வியில் வீட்டிலேயே அடைந்து கிடந்த பெண்கள் எத்தனையோ பேர். அந்தச் சாக்கு இப்போது செல்லாது!

உஷார்! உஷார்!

இனாமாகக் கிடைக்கும் கடல் உயிரையும் கேட்கும். மெரினாவில் குளிக்கக்கூடாது என்று போலீசார் தடை போட்டிருப்பது விளையாட்டுக்கு அல்ல. மேலே அலை சாதுவாகத் தெரியும். கீழே காலை வாரி இழுக்கும். நன்றாக நீச்சல் தெரிந்தவர்களும் போயிருக்கிறார்கள்.

சந்தேகம் இருந்தால் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்குப் போங்கள். அங்கே வெள்ளை வளைவு போல ஒரு கட்டிடம் நிற்கிறது. ஜனங்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுப்பார்கள். அது ஷ்மிட் என்பவரின் நினைவுச் சின்னம். 1930 டிசம்பர் 30-ந் தேதி, கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் அவரே மூழ்கி இறந்துபோனார். அந்தக் கல்வெட்டைப் படித்துவிட்டு பிறகு காலை நனையுங்கள். முழங்காலுக்கு மேல் வேண்டாம்!

காணும் பொங்கலன்று கடற்கரையில் குழந்தைகள் கையில் போலீசார் பெற்றோரின் போன் நம்பரை எழுதிக் கட்டிவிடுவார்கள். நல்ல ஏற்பாடு. மற்ற நாட்களில் அதை நீங்களே செய்யலாம். ஒரு துண்டுச் சீட்டு, ஒரு நூல். பிள்ளை காணாமல் போய் அழுது அலைவதைவிட இது சுலபம்.

படிக்கக் காசா? கொடுத்தாச்சே!

வெயில் நேரத்தில் எங்கே போவது? நூலகத்துக்கு. எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1896-ல் திறந்தது. இந்தியாவில் வெளியாகும் புத்தகங்களை சட்டப்படி அனுப்பிவைக்கவேண்டிய நாலு நூலகங்களில் இதுவும் ஒன்று. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகத்தான் உறுப்பினர் ஆகவேண்டும். உட்கார்ந்து படிக்க வேண்டாம்.

கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010 செப்டம்பர் 15-ல் திறந்த ஒன்பது மாடிக் கட்டிடம். குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்க ஒரு பிரிவு. அரசு வேலைத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் அங்கேயே தவம் கிடப்பார்கள். 2011-ல் இதை குழந்தைகள் ஆஸ்பத்திரியாக மாற்றப்போவதாக அறிவிப்பு வந்தது. ஐகோர்ட்டு தடை போட்டது. நூலகம் பிழைத்தது.

ஒரு விஷயம் கடைக்காரர்கள் தெரிந்துகொள்ளவேண்டும். 1948-ல் இங்கே வந்த பொது நூலகச் சட்டம்தான் சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம். அதன்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறோம். வாடகைக் கடை என்றாலும் அந்த வரி உங்கள் வாடகைக்குள் ஒளிந்திருக்கிறது. ஆக, நூலகத்துக்குள் போகாதவர்தான் நஷ்டப்படுகிறார்!

கச்சேரியும் ஓசி

மார்கழி வந்தால் சபாக்களில் ராத்திரிக் கச்சேரிக்கு டிக்கெட் விலை கூடுதல். ஆனால் பகல் நேரத்தில் இளம் வித்வான்கள் பாடும் பல கச்சேரிகளுக்கு அனுமதி இலவசம். நாளைய பெரிய வித்வானை இன்றே முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்து மூவர் உற்சவம். மாட வீதி முழுக்க ஜனம். வழியெல்லாம் மோரும் பானகமும் கொடுப்பார்கள். அந்த நெரிசலில் பிக்பாக்கெட் ஆசாமிகளும் சாமி கும்பிடத்தான் வருவார்கள். சங்கிலியைப் புடவைக்குள் மறைத்துக்கொள்ளவும்!

இந்த ஊருக்கு இது புதுப் பழக்கம் அல்ல. வீட்டில் ரேடியோ வைத்திருப்பவர் அபூர்வமாக இருந்த 1930-லேயே சென்னை மாநகராட்சி சொந்தமாக ஒலிபரப்பு நடத்தியது. பூங்காவிலும் கடற்கரையிலும் ஒலிபெருக்கி வைத்து ஜனங்களுக்குப் பாட்டு போட்டது. 1938-ல் அகில இந்திய வானொலி சென்னைக்கு வரும்வரை அது நடந்தது. ஏழைக்கும் பொழுதுபோக்கு வேண்டும் என்று அன்றைக்கே நினைத்திருக்கிறார்கள்.

கேட்டால்தான் கிடைக்கும்

தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019-ல் அகல நடைபாதை வந்தது. எதுவும் வாங்காமலே பெஞ்சில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களை வேடிக்கை பார்க்கலாம். "என்ன சார் வேணும்?" என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

ஆனால் ஒன்று. பெஞ்ச் உடைந்திருந்தால், பூங்கா விளக்கு எரியாவிட்டால், கழிப்பிடம் பூட்டிக் கிடந்தால் அங்கே பெண்களும் வயசானவர்களும் போகமாட்டார்கள். அவர்கள் போவதை நிறுத்தினால் சீட்டாடுகிறவனும் குடிக்கிறவனும் வந்து உட்காருவான். பிறகு அந்த இடம் நம் கையை விட்டுப் போய்விடும்.

"இனாம்தானே, எப்படி இருந்தால் என்ன?" என்று இருந்துவிடாதீர்கள். மாநகராட்சி புகார் எண் 1913. விளக்கு எரியவில்லை என்றால் ஒரு போன் போடுங்கள். சரியாகவில்லையா? மறுபடியும் போடுங்கள். காசு இருப்பவனுக்கு கிளப் இருக்கிறது, ஓட்டல் இருக்கிறது. நமக்கு இருப்பது இந்த பெஞ்சும் இந்த மணலும்தான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை டி.வி.யை அணைத்துவிட்டு வீட்டோடு கிளம்புங்கள். வாட்டர் பாட்டிலில் தண்ணீர், டப்பாவில் கொஞ்சம் சுண்டல், விரித்து உட்கார ஒரு பழைய பெட்ஷீட். அவ்வளவு போதும்!