நீரிழிவும் புற்றுநோய்ச் சிகிச்சையும்: உடனிருப்போர் கடமை

வள்ளுவப் பெருந்தகை ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துரைக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிபுரிபவர் என்பன அந்நான்கு. முதல் மூன்றைப் பற்றி நிரம்பப் பேசும் நாம், நான்காமவரை மறந்துவிடுகிறோம். நீரிழிவு உடைய ஒருவர் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுங்கால் அந்நான்காமவரின் கடமை யாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது நமக்கு அயலான செய்தியன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடைபெற்று 2023இல் வெளியான ஆய்வு, தமிழ்நாட்டில் வயதுவந்தோருள் 14.4 விழுக்காட்டினர் நீரிழிவு உடையோர் என்கிறது. ஏறத்தாழ எழுவரில் ஒருவர்! மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் முதலிய ஊர்களிலிருந்து மதுரைப் பாலரங்காபுரம் புற்றுநோய்ச் சிகிச்சை மையத்தை நாடி வருவோருள்ளும் இத்தகையோர் இருத்தல் இயல்பே.

கீமோதெரபி அளிக்கும்போது, வாந்தியைத் தடுக்க டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து பெரும்பாலும் தரப்படுகிறது. அது கல்லீரலிலிருந்து சர்க்கரையை மிகுதியாக வெளிவரச் செய்யும். இன்சுலினின் ஆற்றலையும் குறைக்கும். காலையில் இம்மருந்தைப் பெற்றவர்க்குப் பிற்பகலிலும் மாலையிலுமே சர்க்கரை மிகுதியாக உயர்கிறது. மறுநாட் காலை வெறும் வயிற்றில் பார்க்கும் அளவோ இயல்பாகத் தோன்றக்கூடும். ஆகவே, காலைப் பரிசோதனை ஒன்றையே நம்பியிருத்தல் தகாது. வெள்ளணுக்கள் குன்றிய உடலில் சர்க்கரையும் மிகுந்தால் கிருமித்தொற்று எளிதில் பற்றும்.

சில நாள்களில் நிலைமை தலைகீழாகிறது. ஸ்டீராய்டு நின்றுவிடும், வாய்ப்புண்ணாலும் குமட்டலாலும் உணவு இறங்காது. அப்போதும் பழைய அளவிலேயே கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ கொடுத்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழும். வியர்வை, நடுக்கம், பேச்சில் தடுமாற்றம் என்பன அதன் அறிகுறிகள். அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கின் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடங்களுக்குப் பின் மீண்டும் பரிசோதித்தல் வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும்.

வாந்தியும் வயிற்றுப்போக்கும் மிகுந்தால் மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் ஆகியவற்றைத் தொடரலாமா என்று அன்றே மருத்துவரைக் கேட்க வேண்டும். பின்னது, சர்க்கரை பெரிதும் உயராத நிலையிலும் இரத்தத்தில் அமிலத்தை மிகுவிக்க வல்லது. ஆனால், உணவு குறைந்தது என்பதற்காக இன்சுலினைத் தாமாகவே அடியோடு நிறுத்திவிடுதல் கூடாது. அளவை மாற்றுதல் மருத்துவர் பொறுப்பு.

‘இனிப்பு புற்றை வளர்க்கும்’ என்றெண்ணி நோயாளியைப் பட்டினி போடுவோரும் உளர். உடலின் எல்லா உயிரணுக்களும் சர்க்கரையைப் பயன்படுத்துவனவே. பட்டினியால் புற்று அழிவதில்லை. நோயாளியின் எடையும் வலிமையும் குன்றிச் சிகிச்சையே தடைப்படும். ரமலான் நோன்பை விட மனமில்லாப் பெரியோர்க்கு, நோயுற்றோர்க்கு மார்க்கம் வழங்கியுள்ள சலுகையை ஆலிம்கள் அன்புடன் எடுத்துரைத்தல் நலம்.

புற்றுநோய் மருத்துவர் ஓரிடம். நீரிழிவு மருத்துவர் வேறிடம். ஒருவர் எழுதிய மருந்தை மற்றவர் அறியப் பாலமாவது ஒரு குறிப்பேடே. நாள், நேரம், சர்க்கரை அளவு, உண்ட உணவு, மாத்திரை, இன்சுலின் அளவு, ஸ்டீராய்டு பெற்ற நாள் ஆகியன அதில் இடம்பெறுக. ஸ்டீராய்டு நாளில் மருந்தின் அளவு என்ன, உண்ண இயலாத நாளில் என்ன, இரவில் யாரை அழைப்பது என்னும் மூன்று வினாக்களுக்கும் முதற் சிகிச்சைக்கு முன்பே விடை பெற்று எழுதிக்கொள்க. காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால் இரவென்றும் பாராது மருத்துவமனைக்கு விரைக.

மாத்திரை அட்டையின் ஆங்கில எழுத்தைப் படிக்கவியலாப் பெற்றோரும் பாட்டியரும் நம் இல்லங்களில் பலர். மாணவச் செல்வங்களே, அவ்வில்லங்களில் வள்ளுவர் சுட்டிய நான்காமவர் நீங்களே. நாற்பது பக்க ஏடும் ஓர் எழுதுகோலும் உங்கள் கையில் இருந்தால், ஓர் உயிர்க்கு அரணாவீர்கள்.