சித்தூர்க் கள்ளுக்கு ஒரு நாள்தான் ஆயுள்

கோவையிலிருந்து வேலந்தாவளம் வழியாகவோ, பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம் வழியாகவோ கேரளத்துக்குள் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது தென்னந்தோப்பு. அடுத்துப் படுவது கள்ளுக்கடைப் பலகை. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், கோவிந்தாபுரம் என்று எங்கே இறங்கினாலும் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ். மண் ஒன்று, மரம் ஒன்று, பேச்சும் ஒன்று. சட்டம் மட்டும் இரண்டு. தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள் இறக்குவதும் விற்பதும் குற்றம். எல்லைக்கு அந்தப் பக்கம் அது லைசென்சுடன் நடக்கும் தொழில்.

இதனால்தான் கல்யாணம், கோயில் நோன்பி, கிடாவெட்டு என்று ஊருக்குக் கிளம்பும் நம்மவர்களில் பலருக்கு ஓர் ஆசை எழுகிறது: 'விருந்தாளிகளுக்கு ஒரு கேன் நல்ல கள் வாங்கிப் போனால் என்ன?' அந்த ஆசை நிறைவேறுமா என்று பார்ப்பதற்கு முன், கள் என்பது எப்படிப்பட்ட பண்டம் என்று தெரிந்துகொள்வது நல்லது.

மரத்தின் மேல் நடக்கும் வேலை

விரியாத தென்னம்பாளையைக் கயிற்றால் இறுகக் கட்டி, நாள்தோறும் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைக் கத்தியால் சீவிவிடுகிறார்கள். சில நாட்களில் சாறு சொட்டத் தொடங்கும். அதற்குக் கீழே கலயத்தைக் கட்டிவிட வேண்டும். பிறகு காலையும் மாலையும் ஏறி இறங்குவது அன்றாட வேலை. ஒரு நாள் சீவாவிட்டால் வெட்டுவாய் காய்ந்து ஊற்று அடைத்துக்கொள்ளும். மழையானாலும் காய்ச்சலானாலும் மரம் லீவு கொடுக்காது. இத்தனை பாடுபட்டாலும் ஒரு மரம் நாளொன்றுக்குத் தருவது சுமார் ஒன்றரை லிட்டர், மிஞ்சினால் இரண்டு லிட்டர்.

பாளையிலிருந்து சொட்டும்போது அது வெறும் இனிப்புச் சாறு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இனிப்பாகவே நிற்கும். அதைத்தான் பனையில் பதநீர் என்றும், கொங்கு நாட்டுத் தென்னையில் தெளுவு என்றும் சொல்கிறோம். சுண்ணாம்பு இல்லாவிட்டால் காற்றிலும் பழைய கலயத்தின் சுவரிலும் ஒட்டியிருக்கும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்கள் உடனே சர்க்கரையைத் தின்னத் தொடங்கிவிடும். தின்றதற்கு ஈடாக அவை தருவது இரண்டு: போதை தரும் சாராயச் சத்து ஒன்று, நுரை தரும் வாயு மற்றொன்று. சில மணி நேரத்தில் பீர் அளவுக்குப் போதை ஏறிவிடும். விடியற்காலையில் இறக்கிய கள் முற்பகலில் இனிக்கும், பிற்பகலில் கடுக்கும், மறுநாள் புளிக்கும், அதற்கும் பிறகு காடியாகிவிடும். மீந்த கள்ளை மலையாள வீடுகளில் வீணாக்குவதில்லை. கொஞ்சம் ஆப்ப மாவில் சேரும், மிச்சம் வினிகராகி ஊறுகாயில் சேரும்.

சீமையிலும் இதே கதை

இங்கிலாந்திலும் இப்படி ஓர் உயிருள்ள பானம் உண்டு. அதை 'ரியல் ஏல்' என்கிறார்கள். பாட்டில் பீரைப் போல வடிகட்டிச் சூடுகாட்டி ஈஸ்ட்டைக் கொன்றுவிடாமல், பீப்பாய்க்குள்ளும் அது நொதித்துக்கொண்டே இருக்கும்படி விடுவது அதன் முறை. விருந்துக்கு முன்பே பீப்பாயைக் கொண்டுவந்து அசையாமல் படுக்க வைப்பார்கள். வாயு மெல்ல வெளியேறுவதற்காக மேலே துளையில் மரமுளை ஒன்றைச் செருகுவார்கள். வண்டல் அடியில் தங்கித் தெளிந்த பிறகுதான் குழாயைத் திறப்பார்கள். திறந்துவிட்டால் சுமார் மூன்று நாளைக்குள் குடித்துத் தீர்த்துவிட வேண்டும். பெரிய ஆலைகளின் பீர் வந்து இந்தப் பழைய வழக்கம் அழியும் நிலைக்கு வந்தபோது, 1971-ல் குடிமக்களே ஓர் இயக்கம் தொடங்கி அதைக் காப்பாற்றினார்கள். வீட்டில் விருந்தாளிக்காகப் பீர் காய்ச்ச லைசென்ஸ் தேவையில்லை என்று அந்நாட்டில் 1963-லேயே ஆகிவிட்டது. ஆனால் அதை விற்கக்கூடாது.

நம் கலயமும் அந்தப் பீப்பாயும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன. இரண்டுக்கும் மூச்சுவிட வழி வேண்டும். கள்ளைக் கேனில் நிறைய ஊற்றி மூடியை இறுக்கி, வெயிலில் பஸ்ஸிலோ காரிலோ கொண்டு போனால் கேன் உப்பும். மூடி பறந்தாலும் பறக்கும். இன்னொரு வித்தியாசமும் உண்டு. சீமைப் பீப்பாய்க்கு மூன்று நாள் தவணை. கள்ளுக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

வேனில் ஏறும் கள்

சித்தூரில் இவ்வளவு தென்னை செழிப்பதற்குப் பரம்பிக்குளம் - ஆளியாறு தண்ணீரும் ஒரு காரணம். 1970-ல் இரு மாநிலங்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, மணக்கடவு அணை வழியாக ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் சித்தூர்ப் பகுதிக்கு வர வேண்டும். அந்தத் தண்ணீரில் விளையும் கள், எக்சைஸ் பெர்மிட்டுடன் வேன்களில் ஏறி மாநிலத்தின் பல மாவட்டக் கடைகளுக்குப் போகிறது. இடுக்கி மலையில் தென்னை குறைவு. அங்கே கூந்தற்பனைக் கள் உண்டு என்றாலும் அது எல்லாருக்கும் காணாது. ஏலத்தோட்டத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் உடம்பு நோக உழைக்கும் நம்மவர் கிளாஸில் ஊற்றப்படுவது, பெரும்பாலும் கீழ்நாட்டிலிருந்து மலையேறி வந்த கள்தான்.

இங்கேதான் ஆபத்து காத்திருக்கிறது. மரம் ஏறக் கற்றுக்கொள்ளும் இளைஞர்கள் குறைந்துவிட்டார்கள். பெற்ற பிள்ளை மரம் ஏற வேண்டாம், படித்து உத்தியோகம் பார்க்கட்டும் என்று தகப்பன் நினைப்பதில் தவறும் இல்லை. மரத்திலிருந்து தவறி விழுந்தால் அந்தக் குடும்பத்தின் கதி என்ன என்பது அவருக்குத்தான் தெரியும். கள்ளுத் தொழிலாளர் சேமநல நிதிக்காகக் கேரளத்தில் 1969-லேயே சட்டம் வந்தது. ஆனாலும் நிதியைக் கண்டு யாரும் மரம் ஏறிவிடுவதில்லை. ஆள் குறைந்தால் கள் குறையும். கேட்கிறவர்கள் மட்டும் குறைவதில்லை. மரம் கூடுதலாகச் சுரக்காது. அந்தக் குறையைத் தண்ணீரும், சாக்கரினும், மயக்க மருந்தும், கடைசியில் ஸ்பிரிட்டும் நிரப்புகின்றன.

2010 செப்டம்பரில் மலப்புரம் மாவட்டத்தில் கலப்படக் கள் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். குடித்தது லைசென்ஸ் உள்ள கடையில்தான், குடித்தவர்கள் உழைப்பாளிகள். மெத்தனால் கலந்ததைக் குடித்தவருக்கு உடனே ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்துத்தான் வயிற்று வலியும் வாந்தியும் வரும், கண் மங்கும். 'தூங்கினால் சரியாகிவிடும்' என்று படுக்க வைப்பது எமனுக்குப் பாய் விரிப்பதாகும். கண் மங்கினால் அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அவரோடு சேர்ந்து குடித்தவர்களுக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் அவர்களையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

கேனோடு ஊருக்குப் போகலாமா?

கேரளத்தில் ஒருவர் கையில் வைத்திருக்க அனுமதி உள்ள கள் ஒன்றரை லிட்டர். அதற்கு மேல் போனால் வழக்கு. சொந்தத் தோப்பில் சொந்த மரம் நின்றாலும் லைசென்ஸ் இல்லாமல் பாளை சீவக்கூடாது. எல்லை தாண்டிவிட்டால் அந்த ஒன்றரை லிட்டருக்கும் இடமில்லை. தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டம் குறுக்கே நிற்கும். கல்யாண வீட்டுக்குக் கேனோடு கிளம்பியவர் செக்போஸ்ட்டில் மாட்டிக்கொண்டால் முகூர்த்தம் அவர் இல்லாமலே நடந்துவிடும். கம்பெனியிலோ ஆபீஸிலோ வேலை பார்ப்பவருக்கு அந்த வழக்கு எத்தனை நாள் லீவைத் தின்னும் என்பதையும் கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் கள்ளைத் திரும்ப அனுமதிக்க வேண்டும் என்று விவசாயிகளில் ஒரு சாரார் நெடுநாளாகப் போராடி வருகிறார்கள். கள்ளுண்ணாமைக்கு வள்ளுவர் தனி அதிகாரமே வைத்திருக்கிறார் என்று மறு சாரார் பதில் சொல்கிறார்கள். கள்ளிறக்கும் குலத்தாரிடையே வாழ்ந்த ஸ்ரீ நாராயண குருவே அந்தத் தொழிலை விடச் சொன்னார் என்பதும் நினைக்கத் தக்கது. அதே மலையாள நாட்டில், கண்ணூர் மாவட்டத்துப் பறசினிக்கடவில் முத்தப்பனுக்குக் கள்ளும் மீனும் படைக்கிறார்கள். இந்த வழக்கு இன்று நேற்று முடிகிற வழக்கல்ல.

வழக்கு எப்படி முடிந்தாலும் கள்ளின் குணம் மாறப்போவதில்லை. குடித்தே ஆக வேண்டும் என்கிறவர் மரத்துக்குப் பக்கத்திலுள்ள கடையில், காலையில் இறக்கியதை, வயிற்றில் சோறோ கப்பக்கிழங்கோ விழுந்த பிறகு, ஒரு கிளாஸோடு நிறுத்திக்கொண்டு எழுந்துவிடுவது புத்திசாலித்தனம். மாலையில் அதே கடையில் அதே விலைக்குக் கிடைப்பது காலைக் கள் அல்ல. மூன்றாம் நாள் விருந்தில் யாராவது 'இது சித்தூர்க் கள், அன்றைக்கு வாங்கியது, இன்னும் தித்திப்பாகவே இருக்கிறது' என்று பெருமையாக ஊற்ற வந்தால் கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். மூன்று நாளாகியும் புளிக்காத கள்ளில், மரம் தராத ஏதோ ஒன்று சேர்ந்திருக்கிறது.