நிறுத்தத் தெரிந்த பிறகு ஓட்டுங்கள்

டீ ஆறட்டும், லாரியும் கொஞ்சம் காத்திருக்கட்டும். டாடாவும் மெர்சிடிஸ்-பென்ஸும் கூட்டாக 1954 முதல் 1969 வரை ஜாம்ஷெட்பூரில் செய்த லாரி ஒன்றை, ஜனக்புரி நண்பர் ஒருவர் வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து மாயாபுரி பழைய சாமான் சந்தையில் பாகம் தேடிக் கோத்து, பெயிண்டும் அடித்துவிட்டார். உடனே பங்கா ரோட்டில் ஒரு சுற்று வரத் தோன்றும். ஆசை நியாயமானதுதான், ஆனாலும் வேண்டாம்.

சட்டம் ஒரு காரணம். பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி தில்லியில் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் சொன்னதை, 2018இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. 50 வயது கடந்த வண்டிகளுக்கென்று 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதிகள் இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளைப் பற்றியவை. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு வெளியே எடுக்கலாம், தினசரி ஓட்டம் கூடாது. உங்கள் லாரிக்கு அந்த விதிகள் பொருந்துமா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதுவரை டிரெய்லரில் ஏற்றி, சுற்றுச்சுவர் உள்ள தனியார் மைதானத்துக்குக் கொண்டுபோவதே சரி.

மற்றொரு காரணம் உயிர் சம்பந்தப்பட்டது. முதல் நாள் பார்க்க வேண்டியது வண்டி நிற்பதைத்தான்.

எஞ்சினிலிருந்து தொடங்குவோம். அந்தக் காலத்து டீசல் எஞ்சின் பலவற்றில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் நிற்காது. பம்புக்குப் போகும் ஸ்டாப் கேபிளை இழுக்க வேண்டும், டீசல் அடைபட்டு எஞ்சின் அணையும். வருடக்கணக்கில் சும்மா கிடந்த பம்பில், டீசலை அளந்து விடும் ரேக் முழுதாகத் திறந்த நிலையிலேயே இறுகியிருக்கலாம். அப்படியானால் ஸ்டார்ட் ஆன மறுகணமே எஞ்சின் சத்தம் ஏறிக்கொண்டே போகும், கேபிளுக்கும் அடங்காது. அப்போது சட்டென்று கைகொடுப்பது காற்றை அடைப்பதுதான். ஆகவே முதல் ஸ்டார்ட்டுக்கு ஏர் கிளீனரைக் கழற்றிவைத்து, அந்த வாயை முழுதாக மூடும் கனமான பலகையோடு ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். வெறும் கையால் மூடப் போகக் கூடாது, காயம் நிச்சயம். இதெல்லாம் தேவையில்லாத பயம் என்று சொல்லும் மெக்கானிக்கிடம் நான் வண்டியை விட மாட்டேன்.

அடுத்தது பிரேக். புது லைனிங் டிரம்மில் முழுதாகப் படிந்திருக்காது, மேடான இடம் மட்டும் தொடும், பிடிப்பு குறைவாக இருக்கும். எண்ணெய் பிரேக் என்றால், வண்டி நகரும் முன்பே பெடலை மிதித்து ஒரு நிமிடம் பிடித்திருங்கள். கால் மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ எண்ணெய் கசிகிறது. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் குழாயில் இன்னும் காற்று இருக்கிறது. காற்று பிரேக் என்றால் மீட்டரில் அழுத்தம் ஏறும்வரை கியரைத் தொடாதீர்கள்.

பிறகு முதல் கியரில் நடை வேகம், பிரேக். மறுபடி அதே. காலி லாரியில் பின்னால் பாரம் இல்லாததால், அழுத்தி மிதித்தால் பின்சக்கரம் சட்டென்று பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் இழுக்கும். சில மணல் மூட்டைகளை ஏற்றிக் கட்டிவிடுங்கள். நின்றதும் இறங்கி ஒவ்வொரு டிரம்முக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் விடாமல் உரசுகிறது. வீல் நட்டுகளையும் மறுபடி முறுக்க வேண்டும், அவற்றின் அடியில் புதுப் பெயிண்ட் நசுங்கி இடம் விட்டிருக்கும்.

கியருக்கு, டபுள் கிளட்ச் பழகிய பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

இத்தனை பாடும் வீண் என்று நினைக்கிறவர்கள் சாணக்யபுரி தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். 1914இல் செய்த ஜான் மாரிஸ் தீயணைப்பு வண்டி அங்கே இருக்கிறது, உள்ளே காற்றில்லாத கெட்டி ரப்பர் டயர்களோடு. ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1964இல் தொடங்கிய பழைய வண்டிப் பேரணியில் அது தில்லித் தெருக்களில் ஓடியிருக்கிறது. கவனித்துக்கொண்டால் இரும்புக்கு வயது ஒரு தடையில்லை.

நண்பர் பெயிண்ட் அடித்து முடித்துவிட்டார். நீங்கள் இன்னும் அடிக்கவில்லை என்றால், அந்தப் பணத்தில் முதலில் வீல் சிலிண்டர் ரப்பர்களையும் புது டயர்களையும் வாங்குங்கள்.