“வயசு போனா அப்படித்தான்”: முதியோரும் தற்கொலையும்

தற்கொலை என்றதும் பரீட்சையில் தவறிய பிள்ளையும் காதலில் தோற்ற இளைஞனும்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் உலகின் பல பிரதேசங்களில் தற்கொலை விகிதம் கூடுதலாக இருப்பது எழுபது வயதைத் தாண்டியவர்களிடம். இலங்கையிலும் வயது முதிர்ந்த ஆண்களின் விகிதம் இளைஞர்களுடையதை விட அதிகம்.

1995இல் நம் நாட்டில் ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அவ்வாண்டு முதல் கொடிய நச்சுக் கிருமிநாசினிகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்டன. 2008க்கும் 2011க்கும் இடையில் பரகுவாட் உள்ளிட்டவையும் நிறுத்தப்பட்டன. இரண்டு தசாப்தங்களில் விகிதம் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் குறைந்தது. “சாக நினைச்சவர் எப்படியும் சாவார்” என்ற பேச்சு பிழை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வீட்டில் கிருமிநாசினியும் மிஞ்சிய மாத்திரைகளும் பூட்டில் இருப்பது இன்றும் உயிர் காக்கும் காரியம்.

முதுமையில் இந்த ஆபத்தைக் கூட்டும் காரணிகளில் முதலாவது மனச்சோர்வு நோய். வயதானவர்களிடம் அது பெரும்பாலும் அழுகையாக வெளிப்படுவதில்லை. தூக்கமின்மை, பசியின்மை, ஓயாத உடம்பு நோவு என்று வரும். நாம் சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் கிளினிக் கூட்டிப்போவோம், மற்றதை “வயசு போனா அப்படித்தான்” என்று விட்டுவிடுவோம். இதனுடன் துணையை இழத்தல், கண்ணும் காதும் மங்குதல், பிறர் கையை எதிர்பார்த்திருத்தல், தனிமை, முன்பு ஒருமுறை முயன்றிருத்தல் ஆகியவையும் சேரும். ஒன்று மட்டும் ஒருவரை அந்த நிலைக்குத் தள்ளுவது அரிது. பல ஒன்றாகச் சேரும்போதுதான் ஆபத்து.

எங்கள் அலவத்துகொடையிலும் பக்கத்து அக்குறணையிலும் வியாபாரக் குடும்பங்கள் அதிகம். நாற்பது வருடம் கடை திறந்தவர் ஒருநாள் சாவியை மகனிடம் கொடுக்கிறார். கட்டிய வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்திருப்பார். அதன் பிறகு அவர் தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை தினமும் வீடியோவில் பேசுவார், சாப்பிட்டீங்களா, மருந்து குடிச்சீங்களா என்று கேட்பார். ஒரு விஷயத்தில் அவருடைய அபிப்பிராயத்தைக் கேட்பவர் இல்லை. ‘நான் இவர்களுக்குப் பாரம்’ என்ற எண்ணத்தை ஆய்வாளர்கள் முக்கியமான அபாயக் காரணியாகக் குறிப்பிடுகிறார்கள். “உங்களுக்கெல்லாம் நான் ஒரு கரைச்சல்”, “அல்லாஹ் என்னை எடுத்தா நல்லம்” என்ற சொற்களை நம் வீடுகளில் கேட்காதவர் யார்? மவுத்தை நினைப்பது மூமினுக்குப் புதிதல்ல. ஆனால் அப்படிச் சொல்பவர் மருந்தை நிறுத்தினால், சாப்பாட்டை ஒதுக்கினால், தவறாமல் போன பள்ளிக்குப் போகாமல் விட்டால், அது வெறும் பேச்சல்ல.

தற்கொலை ஹராம் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடில்லை. அந்தத் தடையைக் காட்டி நோயாளியின் வாயை அடைப்பதுதான் பிழை. மனச்சோர்வு ஈமானின் குறைவு அல்ல. மகனைப் பிரிந்த துயரத்தில் யஃகூப் நபியின் கண்கள் வெளுத்துப் போனதைக் குர்ஆன் சொல்கிறது. அவர் நபிதான், துயரமும் உண்மைதான். மானத்துக்குப் பயந்து மறைக்கும் குடும்பம் வைத்தியரிடமும் போகாது. பொலிஸுக்குப் பயப்படுகிறவர்களும் உண்டு. தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டம் 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

முதியவர்கள் முன்னறிவிப்புத் தருவது குறைவு. உடம்பும் பலவீனமானது. எனவே முதல் முயற்சியே உயிரைப் பறித்துவிடலாம். சந்தேகம் வந்தால் தள்ளிப்போடாமல் பக்கத்தில் உட்கார்ந்து, “வாப்பா, உயிரை விடணும் என்று நினைப்பு வருதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவனத்துடன் பேசலாம். எண்பது வயதிலும் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பலன் தரும்.

வீட்டுக்குள் செய்யக்கூடியதும் உண்டு. கடைக் கணக்கை அவரிடம் ஒருமுறை காட்டுங்கள். பேரப்பிள்ளைக்கு ஓதிக் கொடுக்கச் சொல்லுங்கள். கல்யாணப் பேச்சில் அவரிடமும் யோசனை கேளுங்கள். மருந்து குடித்தாரா என்று கேட்கும் அதே நேரத்தில் இதையும் கேட்டுவிடலாம்.