உருகிய மூடி சொல்லும் செய்தி

2018ஆம் ஆண்டு நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, டெல்டாப் பகுதியிலும் புதுக்கோட்டைப் பக்கத்திலும் தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்தன. அவற்றை அறுத்து அகற்றப் பெரிதும் உதவியது பெட்ரோலில் ஓடும் மரம் அறுக்கும் இயந்திரம். ‘செயின் சா’ என்றே எல்லோரும் சொல்வதால் நாமும் அப்படியே சொல்வோம்.

ஓய்வின்றி உழைத்த ஒரு செயின் சாவைப் பாருங்கள். சைலன்சரை ஒட்டியுள்ள பிளாஸ்டிக் மூடி சில வேளைகளில் மெழுகுபோல் இளகி நெளிந்திருக்கும். சொந்தக்காரர் புதிய மூடி வாங்கி மாட்டுகிறார். சில வாரங்களில் அதுவும் உருகுகிறது. காசு போவது ஒரு பக்கம். இன்னொரு மூடி வாங்குவதற்குள் பிஸ்டனே சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொண்டால் செலவு எங்கேயோ போய்விடும். ஆகவே பழைய மூடியைத் தூக்கி எறியுமுன் ஒரு நிமிடம் அதை உற்றுப் பார்க்கச் சொல்வேன்.

முதலில் இந்த வெப்பம் எவ்வளவு என்று பார்ப்போம். செயின் சாவில் உள்ளது இரண்டு வீச்சு எஞ்சின். பெட்ரோல் எரிந்து தரும் ஆற்றலில் கால் பங்கு சங்கிலிக்குப் போய்ச் சேர்ந்தாலே அதிகம், மீதியெல்லாம் வெப்பம்தான். வெளியேறும் புகை 500 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்கும். லாரியில் இந்தப் புகை நீண்ட குழாயில் ஓடிச் சூடு தணிகிறது. செயின் சாவிலோ, உள்ளங்கை அளவுள்ள சைலன்சர் சிலிண்டரின் முகத்திலேயே திருகப்பட்டிருக்கிறது. அதிலிருந்து சில சென்டிமீட்டர் தொலைவில் பிளாஸ்டிக். சற்றுத் தள்ளி மனிதனின் கை. அந்தப் பிளாஸ்டிக் பெரும்பாலும் கண்ணாடி இழை சேர்த்த நைலான். நைலான்-6இன் உருகுநிலை சுமார் 220 டிகிரி. ஆனால் அதற்கு முன்பே அது இளகத் தொடங்கிவிடும்.

வெப்பம் பரவும் வழிகள் மூன்று என்று பள்ளியில் படித்திருக்கிறீர்கள். மூன்றும் மூடியில் வெவ்வேறு தழும்பை விட்டுச் செல்கின்றன. திருகு ஆணியின் துளையைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் இளகியிருந்தால், வெப்பம் உலோகத்தின் வழியே கடத்தலால் வந்திருக்கிறது. ஒரே இடத்தில் கரி படிந்து குழிந்திருந்தால், சைலன்சர் ஆணி தளர்ந்தோ, இடையிலுள்ள கேஸ்கெட் பிய்ந்தோ, சூடான புகை பீறிட்டு நேராக அடித்திருக்கிறது. ஓடும் வாயு வெப்பத்தைச் சுமந்து வருவதால் இதைச் சலனத்தின் வேலை எனலாம். இது கண்டுபிடிக்கவும் திருத்தவும் மிக எளிது; கேஸ்கெட்டை மாற்றி ஆணியை முடுக்கினால் போதும்.

சைலன்சரைப் பார்த்த முகம் முழுவதும் கரியில்லாமல் பளபளவென்று இளகியிருந்தால்? அது பெரும்பாலும் கதிர்வீச்சின் வேலை. இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். சூடான பொருள் வீசும் கதிர்வீச்சு அதன் தனி வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறும் என்பது ஸ்டெபான்-போல்ட்ஸ்மன் விதி. கரி படிந்த சைலன்சரைக் கரும்பொருளாகவே கொள்வோம். 300 டிகிரி செல்சியசில், அதாவது 573 கெல்வினில், ஒரு சதுர செ.மீ. பரப்பு சுமார் 0.6 வாட் வீசும். 400 டிகிரி ஆனால் 1.16 வாட். நூறு டிகிரி ஏறியதற்கே வீச்சு ஏறத்தாழ இரு மடங்கு! முன்பு தாக்குப்பிடித்த மூடி இப்போது உருகுவதில் வியப்பில்லை.

அந்தக் கூடுதல் நூறு டிகிரி எங்கிருந்து வந்தது? மொட்டைப் பல் சங்கிலியை முதலில் சந்தேகியுங்கள். தென்னை மரம் பல்லை வெகு விரைவில் மழுக்கிவிடும். மழுங்கிய சங்கிலி மரத்தைச் சீவல் சீவலாக அறுக்காமல் மாவாகத் தேய்க்கிறது. ஆளும் அழுத்துகிறார், எஞ்சினும் முழு வேகத்தில் நெடுநேரம் திணறுகிறது. அந்த மாவு எண்ணெயோடு குழைந்து சிலிண்டரின் குளிர்விப்புத் தகடுகளுக்கிடையே அப்பிக்கொள்கிறது. மரத்தூள் வெப்பத்தை எளிதில் கடத்தாது. எஞ்சினுக்குக் கம்பளி போர்த்தியதுபோல் ஆகிறது. சைலன்சர் வாயிலுள்ள தீப்பொறி தடுக்கும் சல்லடை கரியால் அடைபட்டாலும் சூடு உள்ளேயே தேங்கும்.

இவற்றையெல்லாம்விட ஆபத்தானது காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த கலவை. இரண்டு வீச்சு எஞ்சினில் மசகு எண்ணெய் பெட்ரோலோடுதான் வருகிறது. பல இயந்திரங்களில் லிட்டருக்கு 20 மி.லி. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைகிறது. சூடு கூடும் வேளையிலேயே வழுக்கலும் போகிறது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாய் உண்டு. சூட்டில் அது இறுகி வெடிக்கும். வெடிப்பு வழியே காற்று புகும். கலவை மேலும் மெலிந்து சூடு இன்னும் ஏறும். விளைவே காரணத்தை வளர்க்கும் இந்தச் சுழலின் முடிவில்தான் பிஸ்டன் இறுகுகிறது. ஆக்சிலேட்டரை விட்ட பின்னும் எஞ்சின் தானாக வேகம் எடுத்தாலோ, வேகம் தணியத் தயங்கினாலோ அந்தக் குழாயைப் பாருங்கள்.

இனி ஒரு விந்தை. வேலை முடிந்து எஞ்சினை நிறுத்திய பிறகும் மூடி உருகலாம். எஞ்சினைக் குளிர்விப்பது ஃபிளைவீலில் உள்ள விசிறி. நிறுத்தியதும் காற்று நின்றுவிடும். சைலன்சரின் சூடு நிற்காது. அது சிலிண்டருக்கும் பிளாஸ்டிக்குக்கும் பரவி, சில நிமிடங்களுக்கு அவற்றின் வெப்பநிலையை ஏற்றும். எனவே கடினமான அறுப்புக்குப் பின் அரை நிமிடமாவது மெதுவாக ஓடவிட்டு நிறுத்துவது நல்லது. சூடு தணியுமுன் பெட்ரோல் ஊற்றக்கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

சில இயந்திரங்களில் சைலன்சருக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே ஒரு மெல்லிய உலோகத் தகடு இருக்கும். பழுது பார்த்தபின் அது மாட்டப்பட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். பளபளப்பான உலோகம் தன்மேல் விழும் கதிர்வீச்சின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் தகட்டின் இரு பக்கமும் காற்று இடைவெளி வேண்டும். சைலன்சரைத் தொட்டால் கடத்தல் தொடங்கிவிடும். கல்நார்த் துணியைச் செருகலாமே என்று யாருக்காவது தோன்றினால், வேண்டாம். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. தகட்டின் மேல் கரி படிந்தால் எதிரொளிப்பு குறையும். சங்கிலிக்கு அரம் போடும்போது அதையும் ஒரு துணியால் துடைத்து வைக்கலாம்.