சுருள்பாசிக்கு வெயில்தான் மூலதனம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் சுருள்பாசி வளர்க்க நினைக்கிறீர்களா? ‘இருட்டறையிலேயே பாசி வளர்த்து இயற்கை நிறமி எடுக்கலாம்’ என்று யாராவது சொன்னால், பணம் கொடுக்கும் முன் யோசியுங்கள்.

இருட்டில் வளரும் நுண்பாசி இருப்பது உண்மைதான். ‘கால்டீரியா’ என்ற பாசி, வெளிச்சம் இல்லாமலே குளுக்கோஸை உண்டு வளர்ந்து, நீல நிறமி தரும். இந்த நிறமியை உணவில் சேர்க்க 2025-ல் அமெரிக்கா அனுமதி அளித்தது. ஆனால், இதற்கு வேற்றுக் கிருமி புகாத மூடிய கலன், தடையில்லா மின்சாரம், காற்று செலுத்தும் கருவி எல்லாம் வேண்டும். இது ஆலைக்கு உரிய வேலை.

சுருள்பாசிக்கு வெளிச்சம் அவசியம். புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பாரி நிறுவனம் திறந்தவெளித் தொட்டிகளில்தான் இதை வளர்க்கிறது. கார அமில நிலை 9 முதல் 10.5 வரையும், நீரின் வெப்பம் 30 முதல் 35 டிகிரி வரையும் இருக்க வேண்டும். தொட்டி நீரைக் கலக்கிவிட வேண்டும். நம் பகுதிக் கோடைக்கு நிழல்வலை தேவை.

நீல நிறமிக்காக வளர்த்தால், அறுவடை செய்த பாசியைக் கொளுத்தும் வெயிலில் காயப்போடாதீர்கள், நிறம் கெட்டுவிடும். நீரில் உள்ள கன உலோகங்களைப் பாசி உறிஞ்சும் என்பதால், கிணற்று நீரை முதலில் பரிசோதியுங்கள். வாங்குபவர் யார், என்ன விலை என்பது எழுத்தில் உறுதியான பிறகே தொட்டி கட்டுங்கள்.