வௌவாலின் கொசுக் கணக்கு

வௌவாலுக்காக வக்காலத்து வாங்குகிறவர்கள் முதலில் எடுத்து வீசுவது கொசுவைத்தான். ஒரு வௌவால் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் கொசுவைத் தின்றுவிடும், அது குடியிருக்கும் வீட்டில் கொசுவர்த்திக்கு வேலையே இல்லை என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் வருடக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. செட்டிநாட்டில் கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு ஒன்றின் பங்காளிகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். 'எங்கள் வீட்டில் இத்தனை வௌவால் தொங்கியும் தெருவில் டெங்கு வந்ததே, எப்படி?' என்று திருப்பிக் கேட்பார்கள். நியாயமான கேள்வி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. துரிஞ்சல், அதாவது பூச்சி தின்னும் சிறு வௌவால், பொழுது சாய்ந்த பிறகு கிளம்புவது. இரண்டும் எதிரெதிரே வரும் நேரமே கொஞ்சம். பூச்சி தின்னும் வௌவாலைக் காப்பாற்றச் சரியான காரணம் இருக்கிறது. ஆனால் அது படுக்கையறையில் இல்லை, வயலில் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள, அந்தப் பிராணி உண்மையில் எதைத் தின்கிறது, ஏன் அதைத் தின்கிறது என்று பார்க்க வேண்டும்.

அந்த ஆயிரம் எங்கிருந்து வந்தது என்பதே ஒரு கதை. வௌவால்கள் எதிரொலியால் வழி காண்கின்றன என்று நிறுவிய அமெரிக்க விஞ்ஞானி டொனால்ட் கிரிஃபின், 1960இல் வெளியிட்ட ஆய்வில், மூடிய அறைக்குள் கொசுக்களைப் பறக்கவிட்டு அதில் சிறிய வௌவால்களை விட்டுப் பார்த்தார். நன்றாக வேட்டையாடியவை நிமிடத்துக்கு ஏறத்தாழப் பத்து கொசு பிடித்தன. அதை அறுபதால் பெருக்கினால் மணிக்கு அறுநூறு. கைமாறிக் கைமாறி அது ஆயிரமாயிற்று. கிரிஃபின் அளந்தது வௌவாலின் திறமையை. அந்த அறையில் வேறு தீனி இல்லை, கொசுவுக்கு ஓடி ஒளிய இடமும் இல்லை. திறந்தவெளியில் கதை வேறு. ஒரு கொசுவின் எடை சுமார் இரண்டு மில்லிகிராம். ஓர் அந்துப்பூச்சியோ வண்டோ அதைப்போல இருபது, ஐம்பது மடங்கு கனக்கும். பறப்பது செலவு மிகுந்த வேலை. கையருகே ஈசல் கூட்டம் கிளம்பியிருக்கும்போது கொசுவைத் துரத்திக்கொண்டிருக்கும் வௌவால் நஷ்டத்தில்தான் வீடு திரும்பும். கொசுவைத் தின்னவே தின்னாது என்று சொல்ல வரவில்லை. தின்னும், ஆனால் அதை நம்பிப் பிழைப்பதில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. 'வௌவால்' என்று ஒருமையில் பேசுகிறோம். தென் தமிழகத்தின் பாறைக் குகைகளிலும் கோயில் மண்டபங்களிலும் ஓட்டுக் கூரைகளிலும் வாழ்பவை பல இனங்கள், பல தொழில்காரர்கள். மூன்று நான்கு கிராம்கூடத் தேறாத பிப்பிஸ்ட்ரெல்லஸ் மிமஸ் என்ற குட்டி வௌவால் ஓட்டு இடுக்கிலும் சுவர் விரிசலிலும் ஒண்டிக்கொள்கிறது. தெருவிளக்கைச் சுற்றிச் சுற்றி வட்டமடிப்பது பெரும்பாலும் இந்த வகைதான். மூக்கின் மேல் இலை மடிப்புகளைப் போலத் தோல் கொண்ட ஹிப்போசிடெரோஸ் ஸ்பியோரிஸ் என்ற இலைமூக்கு வௌவால் இருட்டு அறைகளின் ஆள். ரத்தம் குடிக்கும் என்று வீண்பழி சுமக்கும் பெருங்காது வௌவால், அதாவது மெகாடெர்மா லைரா, இவற்றையெல்லாம்விடப் பெரியது. அது தொங்கும் இடத்தின் நேர்கீழே தரையைப் பார்த்தால் போதும், இரவுச் சாப்பாட்டின் எச்சில் இலை அங்கே கிடக்கும்: அந்துப்பூச்சியின் சிறகுகள், வெட்டுக்கிளியின் முள் வைத்த பின்னங்கால்கள், சில்வண்டின் தலை, சில நாள்களில் பல்லி வால், தவளை எலும்பு, சின்னக் குருவியின் இறகு. சிறகையும் காலையும் கத்தரித்துப் போட்டுவிட்டுச் சதையை மட்டும் தின்றிருக்கிறது.

எது எதைத் தின்னும் என்பதைப் பசியைவிடக் குரலும் காதும் அதிகமாகத் தீர்மானிக்கின்றன. இந்த விஷயத்தில் உலகம் கற்றுக்கொண்ட பாடங்களில் கணிசமானவை காரைக்குடியிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் மதுரையில் எழுதப்பட்டவை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் ஜி. மாரிமுத்துவும் வௌவால் ஆய்வை வளர்த்தார்கள். ஜெர்மனியிலிருந்து ஜெர்ஹார்ட் நொய்வைலர் தன் குழுவுடன் வந்து சேர்ந்தார். 1980களில் அவர்கள் கண்டது இது: இலைமூக்கு வௌவாலும் அதன் உறவுக்கார லாடமூக்கு வௌவாலும் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பூச்சியைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. பூச்சி சிறகடிக்க வேண்டும். நீளமான, ஒரே சுருதியிலான குரலை வௌவால் விடும்போது, அடிக்கும் சிறகு அந்த எதிரொலியில் ஒரு துடிப்பை ஏற்றி அனுப்புகிறது. இலைகளின் இரைச்சலான எதிரொலிகளுக்கு நடுவே அந்தத் துடிப்புதான் 'இங்கே உணவு' என்று காட்டிக்கொடுக்கிறது. பெருங்காது வௌவாலின் வழி வேறு. மாரிமுத்துவும் நொய்வைலரும் 1987இல் வெளியிட்டபடி, தவளையோ எலியோ நகரும்போது எழும் சரசரப்பைக் கேட்டே அது பாய்கிறது. அசையாமல் கிடப்பதை விட்டுவிடுகிறது. தவளை கத்துவதுகூட அதை இழுப்பதில்லை என்பதுதான் வியப்பு.

அளவு விஷயத்தையும் ஒலியே முடிவு செய்கிறது. இருபது கிலோஹெர்ட்ஸ் குரலின் அலைநீளம் சுமார் பதினேழு மில்லிமீட்டர். அதைவிட மிகச் சிறிய பூச்சியில் பட்டுத் திரும்பும் எதிரொலி நலிந்துபோகும். ஸ்பியோரிஸ் விடும் குரல் 130 கிலோஹெர்ட்ஸ் அளவில், அலைநீளம் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. அதற்குச் சின்னப் பூச்சியும் தெளிவாகத் தெரியும். ஆனால் அவ்வளவு உச்சக் குரல் காற்றில் சில மீட்டருக்கு மேல் போகாது. ஆகவே உயரத்தில் வேகமாகப் பறக்கும் வௌவால் தாழ்ந்த குரலில் தூரத்துப் பெரிய பூச்சியைத் தேடுகிறது. மரத்தடியில் மெல்லப் பறப்பது உச்சக் குரலில் கிட்டத்துப் பூச்சியைத் தேடுகிறது. பூச்சியும் சும்மா இருப்பதில்லை. பல அந்துப்பூச்சிகளுக்குக் காது உண்டு. அந்தக் காது நன்றாகக் கேட்பது இருபதிலிருந்து அறுபது கிலோஹெர்ட்ஸ் வரை. அதற்கு மேலே பேசும் இலைமூக்கு வௌவால் வருவதை அவை கேட்பதற்குள் கதை முடிந்துவிடும். இரையைத் தேர்ந்தெடுப்பது என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, எது காதில் விழுகிறது என்பதுதான்.

மீதிப் பகுதி பருவம். மாரிமுத்துவும் அவருடைய சக ஆய்வாளர்களும் அமெரிக்க அறிஞர்கள் ஜான் விட்டேக்கர், தாமஸ் குன்ஸ் ஆகியோருடன் சேர்ந்து 1999இல் வெளியிட்ட கட்டுரை, மிமஸ் வௌவாலின் உணவு பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகிறது என்பதை அதன் எச்சத்தை வைத்தே ஆராய்ந்தது. வெப்ப மண்டலத்தில் ஆண்டு முழுக்கப் பூச்சி உண்டு, அதனால் வௌவாலுக்கு எல்லா மாதமும் ஒரே சாப்பாடு என்று நினைப்பவர்களுக்கு இது பதில். நம் பக்கம் மழையே நாள்காட்டி. முதல் மழைக்கு ஈசல். நிலக்கடலைக் காட்டில் சிவப்புக் கம்பளிப்புழுவின் அந்துப்பூச்சி. ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறைந்து நெல் நடவு முடிந்தபின் தத்துப்பூச்சியும் குருத்துப்பூச்சியும். சித்திரை வெயிலில் கண்மாய் வெடித்துக் கிடக்கும்போது கிடைப்பதைத் தின்றாக வேண்டும். எச்சத்தைப் படிப்பதில் ஒரு வில்லங்கமும் உண்டு. வண்டின் கெட்டி ஓடு சிதையாமல் வெளியே வரும், மெல்லிய உடல் கொண்டது செரித்துக் கரைந்துவிடும். எனவே நுண்ணோக்கியில் வண்டு கூடுதலாகவும் கொசு குறைவாகவும் தெரிய வாய்ப்புண்டு. 'பார்த்தீர்களா, கொசு கரைந்துவிட்டது, அதனால்தான் உங்கள் கண்ணில் படவில்லை' என்று கொசுக் கட்சிக்காரர்கள் சொல்லலாம். ஓரளவு சரி. இப்போது எச்சத்திலிருந்து மரபணுவையே எடுத்துப் படிக்கிறார்கள், அதில் கொசுவும் அகப்படுகிறது. ஆனால் மரபணு, இன்னது தின்றது என்று சொல்லுமே தவிர எத்தனை தின்றது என்று சொல்லாது. கொசுவின் பெயர் பட்டியலில் இருப்பதால் ஊரில் கொசு குறைந்தது என்று ஆகிவிடாது.

வயல் கணக்கோ அப்படி இல்லை. அதற்குச் சான்று வலுவாகவே இருக்கிறது. தாய்லாந்தின் குகைகளிலிருந்து மாலையில் புகையாகக் கிளம்பும் சுருக்க உதட்டு வௌவாலின் எச்சத்தைப் படித்தவர்கள் 2005இல் அதில் நெற்பயிரின் வெண்முதுகுத் தத்துப்பூச்சி ஏராளமாக இருப்பதைக் கண்டார்கள். 2014இல் வேறொரு குழு கணக்கிட்டது: அந்த ஓர் இனம் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 2,900 டன் நெல் இழப்பைத் தடுக்கிறது, அது ஏறத்தாழ 26,000 பேருக்கு ஓராண்டு அரிசிச் சோறு. மடகாஸ்கரில் நெல்வயலைச் சுற்றி வாழும் வௌவால்களின் எச்சத்திலும் நெல்லைத் தாக்கும் புழுக்களின் அந்துப்பூச்சிகள் கிடைத்திருக்கின்றன. தத்துப்பூச்சியும் குருத்துப்பூச்சியும் இரவில் கூட்டமாகப் பறப்பவை. ஒரே இடத்தில், ஒரே அளவில், திரளாகக் கிடைக்கும் இரையைத்தான் பறக்கும் வேட்டைக்காரன் விரும்புவான்.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளில் நான் மதிக்கும் ஒன்று: வௌவால் நல்ல பூச்சியையும்தானே தின்கிறது? தின்கிறது. சிலந்தி, குளவி, சாண வண்டு என்று விவசாயிக்கு நண்பர்களான பலவும் அதன் வாய்க்குள் போகின்றன. எச்சத்தைப் பார்த்துப் பட்டியல் போட்டு, கெட்டது இத்தனை, நல்லது இத்தனை என்று கழித்துக்கொண்டிருந்தால் இந்த வழக்கு முடியவே முடியாது. தீர்வு வேறு வகைச் சோதனையில் கிடைத்தது. பயிரின் மேல் இரவு மட்டும் வலை விரித்து வௌவாலைத் தடுத்து, பகலில் வலையை நீக்கிப் பறவைகளை விட்டுவிட்டால், மிஞ்சும் வித்தியாசம் வௌவாலுடையது. அமெரிக்க மக்காச்சோள வயலில் நடந்து 2015இல் வெளியான இத்தகைய ஆய்வில், வலைக்குள் கதிர்ப்புழு வெளியைவிட 59 விழுக்காடு அதிகமாக இருந்தது. இந்தோனேசியாவின் சுலாவெசியில் கொக்கோ மரங்களுக்குப் பறவையையும் வௌவாலையும் சேர்த்துத் தடுத்தபோது விளைச்சல் 31 விழுக்காடு சரிந்தது. நல்ல பூச்சி, கெட்ட பூச்சி எல்லாம் கழித்த பிறகு கையில் நிற்கும் மிச்சம் இது.

அதற்காகத் தாய்லாந்துக் கணக்கை நம் சிவகங்கைப் பக்கம் தூக்கிவர முடியாது. அங்கே இலட்சக்கணக்கில் திரளும் குகைவாசி, இங்கே பூட்டிய வீட்டிலும் மண்டபத்திலும் ஐம்பது, இருநூறு என்று சிதறி வாழும் கூட்டங்கள். அங்கே பாசன வயல், இங்கே மானாவாரியும் கண்மாய்ப் பாய்ச்சலும். சொல்லக்கூடியது இவ்வளவே: நெல்லும் கடலையும் போடுகிற ஊரில், பல அளவு, பல குரல் கொண்ட வௌவால்கள் இருந்தால், ஒன்றின் காதுக்குத் தப்பும் பூச்சி இன்னொன்றின் காதில் விழும். ஆகவே எண்ணிக்கையைவிட இனங்களின் வகை முக்கியம் என்பது என் வாதம். தெருவிளக்கடியில் மிமஸ் சுற்றுவதைப் பார்த்து 'வௌவால் நிறைய இருக்கிறது' என்று திருப்திப்பட்டுக்கொள்வதில் அர்த்தமில்லை. குடமுழுக்குக்கு முன் கோயில் திருச்சுற்றில் பளீரென்று எல்.ஈ.டி. விளக்குப் போட்டு, மண்டப வாயிலுக்குக் கம்பி வலை அடித்தால் முதலில் இடம் இழப்பவை ஒளிக்குக் கூசும் இலைமூக்கு வகைகள். வெளிச்சத்தில் கலியாணச் சாப்பாடு சாப்பிடத் தெரிந்த மிமஸ் தங்கிவிடும்.

வீட்டுக்காரர்களின் மறுப்பு இன்னும் எளிமையானது: நாற்றம். முட்டை வெள்ளைக்கரு கலந்து பளிங்காக இழைத்த சுண்ணாம்புப் பூச்சில், பர்மா தேக்கு விட்டத்தில், ஆத்தங்குடிக் கல்லில் வௌவாலின் கழிவு கறையேற்றுகிறது என்பது உண்மை. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன; அந்த வீடுகளைக் காப்பதும் கடமைதான். நோய் அச்சத்தையும் ஒதுக்கித் தள்ளக் கூடாது. உலர்ந்த பழைய எச்சத்தில் வளரும் பூஞ்சை நுரையீரலைத் தாக்கும், ஆகவே தண்ணீர் தெளிக்காமல் பெருக்குவதும் முகக்கவசம் இல்லாமல் அள்ளுவதும் தவறு. விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடவும் கூடாது. 2018இல் கோழிக்கோட்டை உலுக்கிய நிபாவின் பேச்சு வேறு. அது பழந்தின்னி வௌவால்களோடு சேர்ந்தது. இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் புகை போட்டு விரட்டுவது சரியாகாது. குட்டி பறக்கக் கற்காத மாதங்களில் துவாரத்தை அடைத்தால் தாய் வெளியே, குட்டி உள்ளே. செத்து நாறுவது அந்த வீட்டிலேதான். குட்டிகள் பறக்கத் தொடங்கிய பின், மாலையில் வெளியேறலாம், திரும்ப நுழைய முடியாது என்றபடி வலையைத் தொங்கவிட்டு, முகப்பையும் வளவையும் மீட்டுக்கொண்டு, யாரும் புழங்காத பின்கட்டுச் சாமான் அறையை அதற்கு விட்டுவிடலாம். பங்காளிகளில் ஒருவர் ஒப்பாவிட்டாலும் ஓர் ஓடுகூட மாற்ற முடியாத வீடுகளில், ஆளில்லா அறைக்குப் பஞ்சம் வராது.

பெருங்காது வௌவாலை இந்தப் பொருளாதார வாதத்துக்குள் அடைக்க முடியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெட்டுக்கிளியோடு தவளையையும் பல்லியையும் தின்னும் அது விவசாயிக்கு லாபமா நட்டமா என்று எந்தத் தராசிலும் நிறுத்த இயலாது. ஆனால் எது எவ்வளவு என்று நம் ஊர் அளவில் கண்டுபிடிப்பது பெரிய செலவில்லை. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் உயிரியல் மாணவர்கள், அனுமதி தரும் வீட்டிலும் மண்டபத்திலும் கூட்டத்துக்கு அடியில் மாதம் ஓர் இரவு பாலித்தீன் தாள் விரித்து, காலையில் விழுந்ததைச் சேகரித்து ஆல்கஹாலில் ஊறவைத்துப் பிரித்துப் பார்க்கலாம். அதே இரவு அருகில் உள்ள கண்மாய்ப் பாசன வயலில் ஒரு விளக்குப்பொறி வைக்க வேண்டும். பொறியில் விழுந்ததோடு எச்சத்தில் இருப்பதை ஒப்பிட்டால்தான், கிடைத்ததைத் தின்றதா, தேடித் தின்றதா என்று தெரியும். ஐப்பசியில் தொடங்கினால் தை அறுவடைக்குள் முதல் நான்கு மாதக் கணக்கு கையில் இருக்கும்.